எங்கள் ஊராட்சிக் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்: ஊரக வளர்ச்சித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைச் செயலர் அவர்களுக்கு,

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து 28 மாவட்டங்களில் 9,624 கிராம ஊராட்சிகள், எங்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கின்றன. முதலில் ஆறு மாதம் என்றீர்கள், அப்புறம் நீட்டித்தீர்கள். இதோ 2025 டிசம்பர் முடியப்போகிறது, தேர்தல் தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், "சட்டமன்றத் தேர்தல் முடியட்டும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கேரளத்துக்கும் அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் இருக்கிறது. அவர்கள் இதே டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தேன். பதவியைத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை, மறுபடி நிற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஐந்து வருஷம் அந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊராட்சிக்கு வரும் பணம் எப்படி வருகிறது, யார் சொல்லிச் செலவாகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வருஷமாக அதே பணத்தை வெளியே நின்று பார்க்கிறேன். உள்ளே இருந்தபோது பாதிதான் புரிந்தது. இப்போது அந்தப் பாதியும் தெரியவில்லை.

இந்த மே மாதம் எங்கள் தெற்குத் தெரு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில், அதாவது கம்பிச் சுருள், எரிந்துவிட்டது. கோடையில் எந்த ஊரிலும் நடப்பதுதான். தலைவர் இருந்த காலத்தில் டேங்க் ஆப்பரேட்டர் போன் பண்ணினால் அன்றைக்கே மெக்கானிக் வந்து மோட்டாரைத் தூக்கிவிடுவார். தொகை அப்புறம் மாதக் கூட்டத்தில் தீர்மானமாகி வரும். தாமதமானால் தலைவர் வீட்டு வாசலில் குடத்தோடு பத்துப் பெண்கள் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இந்த முறை ஆப்பரேட்டர் ஊராட்சி செயலருக்குப் போன் பண்ணினார். செயலர் வேறோர் ஊராட்சிக்கும் பொறுப்பு, அன்று அங்கே இருந்தார். எஸ்டிமேட் வேண்டும், ஓவர்சீயர் பார்க்க வேண்டும், தனி அலுவலர் ஒப்புதல் வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி நாங்களே காயில் கட்டிக்கொண்டோம். கூலி வேலைக்குப் போகிற வீடுகளும் அதில் பணம் போட்டன.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் "குடிநீர் பராமரிப்பு" என்று ஒரே வரியில் ஒரு தொகை. எங்கள் மோட்டாருக்கு ஊராட்சி ஏதாவது செலவு செய்திருக்கிறதா, இல்லை என்றால் இந்தத் தொகை எந்தத் தெருவுக்கு, எந்தப் போர்வெல்லுக்கு என்று நான் எழுந்து கேட்டேன். "விவரம் ஆபீஸில் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார்கள். ஆபீஸில் கேட்டபோது, "கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, தனியாக எடுக்க முடியாது" என்றார்கள். யாரோ பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை. என் குறை இதுதான்.

அந்தத் தனி அலுவலர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் தலையில் 32 ஊராட்சிகள். அவருக்கு ஏற்கெனவே வீட்டுத் திட்டம், நூறு நாள் வேலை, ஆய்வுக் கூட்டம், அமைச்சர் வருகை என்று ஆயிரம் வேலை. 32 ஊரின் எரிந்த மோட்டாரும் எரியாத தெருவிளக்கும் ஒரு மனிதருக்கு எப்படித் தெரியும்? 1,483 ஊராட்சி செயலர் இடங்களுக்கு இந்த அக்டோபரில்தான் விண்ணப்பம் கேட்டீர்கள். அந்த இடங்கள் காலியாக இருந்த நாளெல்லாம் பக்கத்து ஊராட்சிச் செயலர்தானே சேர்த்துப் பார்த்தார்? மேலே 32 ஊருக்கு ஒருவர், கீழே இரண்டு ஊருக்கு ஒருவர். இதற்கு நடுவில்தான் எங்கள் பணம் இருக்கிறது.

தேர்தல் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த ஐந்து வருஷத்தில் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

நான் முதல் கூட்டத்துக்குப் போனபோது, ஊராட்சிக்குப் பணம் வந்தால் ஊர் கூடி முடிவு செய்து செலவு பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். சீக்கிரமே புரிந்துவிட்டது. மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். மீதி 40 சதவீதத்தை ஊரின் அடிப்படைத் தேவைகளுக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. மாநில நிதிக்குழு மானியம் வரும், அதில் ஒரு பகுதி கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்று ஊராட்சியின் இரண்டாம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். திட்டப் பணம் மூன்றாம் கணக்கில் வந்து அப்படியே போய்விடும். நாங்கள் வாய் திறந்து "இதைச் செய்யலாம்" என்று சொல்லக்கூடிய பணம் என்று பார்த்தால், முதல் கணக்கில் வீட்டு வரி, தொழில் வரி, குழாய்க் கட்டணம், கொஞ்சம் உரிமக் கட்டணம். எங்களைப் போன்ற மானாவாரி ஊரில் அது எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. குவாரி இருக்கும் ஊராட்சிக்கும், நெடுஞ்சாலை ஓரத்தில் மனை விற்கும் ஊராட்சிக்கும் வேறு கதை. பத்திரப் பதிவில் உள்ளாட்சிக்கு உரிய கூடுதல் தீர்வையைக்கூட மாநில அளவில் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பிரித்துத் தருகிறீர்கள். எங்கள் ஊர் மனை விற்றதில் எங்களுக்கு என்ன வந்தது என்று எந்த ஊராட்சியும் கணக்குப் பார்க்க முடியாது.

குழாய் இணைப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, பெண்களுக்கு அது பெரிய விடுதலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் குழாய் போட்ட பணம் மேலே இருந்து வந்தது. அதில் தண்ணீர் ஓட வைக்கும் கரண்டுக்கும், உடைந்த வால்வுக்கும், ஆப்பரேட்டர் சம்பளத்துக்கும் பணம் ஊராட்சியிலிருந்து போக வேண்டும். இணைப்புக் கூடக் கூட மோட்டார் ஓடும் நேரமும் கூடியது, பில்லும் ஏறியது. வரவு அதே அளவில் நின்றது. திட்டம் போடும்போது பத்து வருஷத்துப் பராமரிப்புக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று யாரும் எங்களிடம் எழுதிக் காட்டவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விதியே அனுமதிக்கும் வேலையைச் செய்யவிடாமல் போனதைத்தான் இன்று வரை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரணிக்கு வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் ஓடும், ஊரணி காய்ந்து கிடக்கும். கட்டுண்ட நிதியில் மழைநீர் சேகரிப்புக்கு இடம் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போட்டோம், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் முதல் வேலையாக எழுதிக் கொடுத்தோம். அந்த வருஷம் மேலே இருந்து, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சி குழிகளுக்கு இலக்கு வந்தது. ஊராட்சிக்கு இத்தனை குழி, இந்தத் தேதிக்குள் போட்டோ ஏற்ற வேண்டும். குழி வெட்டினோம், போட்டோவும் ஏற்றினோம். களிமண் தரையில் வெட்டிய குழிகள் முதல் மழைக்கே நிரம்பிக் கொசு வளர்த்தன. உறிஞ்சி குழி தப்பான வேலை இல்லை, மணல் பாங்கான ஊரில் அது அருமையான வேலை. எங்கள் மண்ணை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் வாய்க்கால் தீர்மானம் அடுத்த வருஷத்துத் திட்டத்துக்குப் போனது, அதற்கடுத்த வருஷத்துக்கும் போனது. பேவர் பிளாக் சாலைக்கு மட்டும் எந்த வருஷமும் பணம் தட்டுப்பட்டதில்லை. அதற்கு எஸ்டிமேட் ரெடியாக இருக்கும், ஒப்பந்தக்காரரும் ரெடியாக இருப்பார். வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு அப்படி யாரும் அலைய மாட்டார்கள்.

கையெழுத்து விவகாரம் இன்னொன்று. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஒருவர் தப்பு செய்தால் இன்னொருவர் தடுக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்தது. நடைமுறையில் என்ன நடக்கிறது? தலைவர் பதவி பட்டியலின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், துணைத் தலைவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்து மாதக்கணக்கில் கையெழுத்துப் போட மறுத்த செய்திகள் இந்த ஐந்து வருஷமும் பேப்பரில் வந்தபடி இருந்தன. தூய்மைக் காவலர் சம்பளம் நிற்கும், பில் நிற்கும், ஊரார் தலைவரைத் திட்டுவார்கள். ரொம்ப முற்றினால் மாவட்ட ஆட்சியர், ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவைப் பயன்படுத்திக் கையெழுத்து அதிகாரத்தை அலுவலருக்குக் கொடுப்பார். அப்போது தோற்பது யார்? கையெழுத்துப் போடாமல் அடம் பிடித்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியலினத் தலைவர் கையிலிருந்துதான் அதிகாரம் போகிறது.

நிதிக்குழு பணத்துக்கு இப்போது காசோலை இல்லை. தலைவர் தன் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியை, அதாவது கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்திடும் கருவியை, வைத்து ஒப்புதல் தர வேண்டும். எங்கள் தலைவர் ஒரு பெண். அவருடைய சாவி பெரும்பாலும் ஒன்றிய அலுவலகக் கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் இருந்தது. "நீங்கள் அலைய வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அவருக்கும் அது அப்போது உதவி மாதிரிதான் தெரிந்தது. தன் பெயரில் எந்தெந்தப் பில்லுக்கு ஒப்புதல் போனது என்று தணிக்கைக் கேள்வி வந்த பிறகுதான் அவர் உட்கார்ந்து பார்த்தார். பதில் எழுத வேண்டியவர் அவர்தான், சாவியை வைத்திருந்தவர்கள் இல்லை. பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிய மாநிலம் இது. ஜெயித்து வந்த பெண்ணுக்குக் கணக்கு பார்க்கக் கற்றுக்கொடுக்க நாம் என்ன செய்தோம்? மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி, சாப்பாடு, ஒரு பை, உள்ளே ஒரு புத்தகம். பட்ஜெட்டைப் படிக்கவோ, வேலையை அளந்து குறிக்கும் எம்-புக்கில் எழுதிய அளவையும் தெருவில் போட்ட சாலையையும் ஒப்பிடவோ எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்.

ஊராட்சித் தலைவர்களில் பணம் அடித்தவர்கள் உண்டு. இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்கள் துறைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் காரணம் காட்டி அதிகாரத்தை மேலே எடுத்துக்கொண்டபோதெல்லாம் கேள்வி கேட்கும் இடம்தான் இன்னும் தூரம் போனது. தலைவரை டீக்கடையில் நிறுத்திக் கேட்கலாம், ஐந்து வருஷத்தில் தோற்கடிக்கலாம். தனி அலுவலரை மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்க்க வேண்டும், பார்ப்பதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

இப்படி ஒரு காலம் முன்பும் வந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 2020 ஜனவரி வரை, மூன்று வருஷத்துக்கு மேல், தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று சொல்லி மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். நாங்கள் பதவி ஏற்றபோது ஊராட்சிகளில் பாக்கிதான் குவிந்து கிடந்தது. இப்போதும் விதி அதேதான்: முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புக்குத்தான் மானியம். பதினைந்தாவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. கடைசி வருஷத்துப் பணம் வராமல் போனால் அந்த நஷ்டம் யாருடையது? அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு, ஐந்து வருஷம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மாநில உரிமைக்காக டெல்லியிடம் நியாயமாகக் குரல் கொடுக்கும் அரசு இது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். அதே நியாயத்தை ஊராட்சி உங்களிடம் கேட்கும்போது மட்டும் ஏன் காது கேட்பதில்லை?

கேரளத்தை மறுபடி சொல்வதற்கு மன்னிக்கவும், அவர்கள் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறார்கள். மாநில பட்ஜெட்டோடு நான்காம் பின்னிணைப்பு என்று ஒன்று வருகிறது. எந்த ஊராட்சிக்கு அந்த வருஷம் எவ்வளவு என்று பெயர் பெயராக அதில் அச்சாகியிருக்கும். வருஷத் தொடக்கத்திலேயே ஊராருக்குத் தங்கள் பங்கு தெரியும். எங்களுக்கோ வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகுதான் தெரியும், அதுவும் செயலர் சொன்னால். எவ்வளவு வரும் என்று தெரியாமல் கிராம சபையில் எதைத் திட்டமிடுவது? அதனால்தான் எங்கள் தீர்மானங்கள் எல்லாம் "ஆவன செய்யக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றே முடிகின்றன. ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது என்பீர்கள். பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு, ஒரு எண், ஒரு தொகை. எந்தத் தெரு, எந்த மோட்டார் என்று அதில் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

ஊரக உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தோடு பேசித் தேதியை அறிவியுங்கள். தனி அலுவலர் காலத்தை மறுபடி நீட்டிக்காதீர்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் இந்த 28 மாவட்ட ஊராட்சிகளுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்று மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

தேர்தல் வரும்வரை, மோட்டார், குழாய், தெருவிளக்குப் பழுதுக்கு ஊராட்சி அளவிலேயே உடனே செலவு செய்ய ஒரு தொகையை ஒதுக்குங்கள். வார்டுக்கு ஒருவரை கிராம சபையே தேர்ந்தெடுத்து, அந்தப் பில்களை அவர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கணக்கில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.

அடுத்த பட்ஜெட்டிலிருந்து மாநில நிதிக்குழு மானியத்தை ஊராட்சி வாரியாக, பெயரோடு, முன்கூட்டியே அச்சிடுங்கள். பத்திரப் பதிவுக் கூடுதல் தீர்வையில் ஒவ்வொரு ஊராட்சி எல்லையிலும் வசூலானது எவ்வளவு, திரும்ப வந்தது எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். புதிய குடிநீர்த் திட்டம் எதுவானாலும், பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதி கிராம சபையில் வைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கிராம சபை தீர்மானித்த முதல் வேலை விதிக்கு உட்பட்டதாக இருந்தால், மாவட்ட இலக்கைச் சொல்லி அதைத் தள்ளிவைக்கக் கூடாது. தள்ளிவைப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். கையெழுத்துப் போட மறுக்கும் துணைத் தலைவர் பதினைந்து நாளில் காரணம் எழுதித் தர வேண்டும், தராவிட்டால் அவருடைய கையெழுத்து அதிகாரம் வேறொரு வார்டு உறுப்பினருக்குப் போக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துங்கள். தலைவரின் டிஜிட்டல் சாவி தலைவர் கையை விட்டு வேறு எங்கும் இருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பவாவது நாளைக்கே முடியும்.

கடைசியாக, 2026 ஜனவரி 26 கிராம சபை. வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐ மொத்தத் தொகையாக வைக்காமல், தெரு பெயர், வேலை, பில் தொகை, பணம் பெற்றவர் என்று வரி வரியாகத் தமிழில் அச்சிட்டு, சபைக்கு ஏழு நாள் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட உத்தரவிடுங்கள். தனி அலுவலர் நேரில் வர வேண்டும். 32 ஊருக்கும் ஒரே நாளில் வர முடியாது என்றால் அவருக்கு வசதியான வேறு தேதிகளில் சபையைக் கூட்டட்டும், நாங்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறோம். தெற்குத் தெரு மோட்டாருக்கு ஊரார் போட்ட பணம் ஊராட்சிக் கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நான் அன்றும் கேட்பேன். பதிலை மினிட் புத்தகத்தில் எழுதிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
புதுக்கோட்டை மாவட்டம்
டிசம்பர் 2025